கூர்நோக்கு இல்லத்துப் பசங்க எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள்? (வடசென்னை)

மாலைவகுப்பு (இழையைத் தொடங்கியவர்)

வழக்கில் பிடிபட்ட சிறார்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் இடம்தான் கூர்நோக்கு இல்லம். எங்கள் பக்கம் ஒரு பையன் கேஸில் மாட்டினால் தெருவே சேர்ந்து ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடும்: "வீடு சரியில்ல." அப்பன் குடிகாரன், அம்மா விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுகிறாள், கேட்க ஆளில்லை. வியாசர்பாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். எனக்கு இந்தத் தீர்ப்பு போதவில்லை. அதே மாதிரி அப்பன், அதே மாதிரி அம்மா உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் தினமும் என்முன் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில், பிடிபட்ட சிறார்களின் குடும்பப் பின்னணிக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. சமீப ஆண்டுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெற்றோருடன் வாழ்ந்தவர்கள். வேறு யாரிடமோ வளர்ந்தவர்கள், வீடே இல்லாதவர்கள் என எல்லோரையும் சேர்த்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். படிப்பும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டி, பத்தாவது முடிக்காமல் நின்றவர்களே அதிகம். 2013 அறிக்கையில் வருமானக் கணக்கும் இருந்தது. பாதிப் பேருடைய குடும்பத்தின் ஆண்டு வருமானம் 25,000 ரூபாய்க்குள்.

அம்மா அப்பா இருக்கிறார்கள், பள்ளிக்கும் போயிருக்கிறான். அப்புறம் எந்த இடத்தில் கை நழுவியது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும், தெருவும், அடையாளமும் வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் எழுதக் கூடாது.

கல்மண்டபம்

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். என் மனைவி வேலை முடிந்து நடந்து வரும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் போனைப் பறித்தார்கள். இழுத்த வேகத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. இன்னும் அந்தக் கையால் குடம் தூக்க முடியாது. பிடித்த பிறகு பார்த்தால் ஒருவனுக்குப் பதினேழு, இன்னொருவனுக்குப் பதினாறு.

ஏழ்மை, ஏழ்மை என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நானும் ஹவுசிங் போர்டில் ஒற்றை அறையில் வளர்ந்தவன்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நாங்கள் நாலு பேர். யாரும் யார் கழுத்திலும் கை வைக்கவில்லை. பின்னணியை ஆராய்ச்சி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது மன்னிப்புச் சீட்டாக மாறிவிடக் கூடாது.

பழைய_வாத்தியார்

தம்பி கல்மண்டபம், உங்கள் வீட்டம்மா கை சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் கோபம் நியாயமானது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அப்பாவுக்குத் தினமும் துறைமுகத்தில் வேலை இருந்ததா? இருந்திருந்தால் அதுவும் ஒரு பின்னணிதான். வடசென்னையில் ஒரு காலத்தில் ஏழை வீட்டிலும் மாதச் சம்பளம் இருந்தது. பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. தாத்தா மில்லில் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து போவார், முதல் தேதி சம்பளம், பி.எஃப்., போனஸ். மகனுக்கு நாள் கூலி. பேரனுக்கு அந்த நாள் கூலியும் கிடைத்தால்தான். மூன்று தலைமுறையையும் ஒரே பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பார்த்த ஆள் நான்.

மாநகராட்சிப் பள்ளியில் முப்பது வருடத்துக்கும் மேல் இருந்தேன். பிற்பாடு கேஸில் மாட்டியவர்களை நினைத்துப் பார்த்தால், வகுப்பில் அதிகம் வம்பு செய்தவர்கள் என்று சொல்ல முடியாது. சத்தமில்லாமல் காணாமல் போனவர்கள்தான் அதிகம். எட்டாவது வரை தேர்ச்சி போட்டு அனுப்பிவிடுகிறோம். ஒன்பதாவதில் ஒரு பத்தியைச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் அவனால் முடியாது. மீசை அரும்பும் வயதில் நாற்பது பேர் முன்னால் எழுத்துக் கூட்டிப் படிக்க எந்தப் பையன் சம்மதிப்பான்? முதலில் திங்கட்கிழமை வரமாட்டான். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள். அப்புறம் பதிவேட்டில் சிவப்பு மை.

காசிமேட்டுப் பக்கம் இதில் இன்னொரு கணக்கு உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி விடுமுறையும் அதே சமயம்தான். வீட்டில் வருமானம் நின்றிருக்கும்போது பையன் கேட்டரிங், பந்தல், மெக்கானிக் ஷெட் என்று எங்காவது போய்க் காசு பார்த்துவிடுவான். ஜூனில் பள்ளிக் கதவு திறக்கும், படகும் கடலுக்குப் போகும், ஐஸ் உடைக்கக் கூப்பிடுவார்கள். கையில் முந்நூறு ரூபாய் வாங்கிப் பழகியவன் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார வேண்டும் என்றால், யாராவது வீடு தேடிப் போய் இரண்டு முறை கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார்கள். வந்திருக்கிறார்கள். என் ஆற்றாமை எல்லாம் அந்த இரண்டு முறைதான்.

கறுப்புக்கோட்டு

இலவச சட்ட உதவியில் சிறார் வழக்குகள் பார்க்கிறேன். இழையின் தலைப்பையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பிடிபடும் பசங்க வேறு, இல்லத்தில் உள்ளே இருக்கும் பசங்க வேறு. குற்ற ஆவணக் காப்பக அறிக்கை சொல்வது பிடிபட்டவர்களைப் பற்றி.

சட்டப்படி பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கும் அனுப்பக் கூடாது. குழுமம் என்றால் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும், அந்த இருவரில் ஒருவராவது பெண். 12-ஆவது பிரிவின்படி ஜாமீன்தான் விதி. ஷூரிட்டி (பிணை நிற்க ஆள்) இல்லாமலும் விடலாம், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலும் விடலாம். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம்.

இந்த விதிவிலக்கில்தான் குடும்பம் உள்ளே வருகிறது. ஒரே பைக் திருட்டில் இரண்டு பையன்கள் பிடிபடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவனுடைய அப்பா கம்பெனி வேலையில் இருப்பவர். லீவு போட்டு, சட்டையை டக் இன் செய்து, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்று எல்லாம் ஃபைலில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். பையன் வீட்டுக்குப் போய்விடுவான். இன்னொருவனுக்குப் பாட்டி மட்டும். அவளுக்கு எந்தக் கட்டடம், எந்த மாடி என்றே தெரியாது. ‘பொறுப்பேற்க ஆள் இல்லை’ என்று அவன் உள்ளே. குற்றம் ஒன்றுதான், பங்கும் ஒன்றுதான்.

ஆகவே இல்லத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு "உடைந்த குடும்பத்துப் பிள்ளைகள்தான் தப்பு செய்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடைந்த குடும்பத்துப் பிள்ளைகளை வெளியே எடுக்க ஆள் வரவில்லை என்பதுதான் அங்கே கண்ணுக்குத் தெரிவது.

மாலைவகுப்பு

மேடம், நான் இவ்வளவு நாள் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. குடும்பப் பின்னணியை அதிகாரப்பூர்வமாக யார் எழுதுகிறார்கள்?

கறுப்புக்கோட்டு

நன்னடத்தை அலுவலர். பசங்க பாஷையில் பி.ஓ. 13-ஆவது பிரிவின்படி இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். வீட்டில் யார் யார், என்ன வருமானம், பள்ளியை ஏன் விட்டான், வேலைக்குப் போனானா, எங்கே, போதைப் பழக்கம் உண்டா, வீட்டில் அடி உண்டா, நண்பர்கள் யார், யாராவது அவனைத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தினார்களா என்று நீளமான படிவம் அது. ஒழுங்காக நிரப்பினால் அந்தப் பையனின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கும். புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்புவதா, சமூக சேவை செய்யச் சொல்வதா, நன்னடத்தை மேற்பார்வையா, அதிகபட்சம் மூன்று வருடம் சிறப்பு இல்லமா (குற்றம் உறுதியான சிறாரை வைக்கும் இடம்) என்று குழுமம் முடிவு செய்யும்போது அந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

நடப்பில் நான் படிக்கும் அறிக்கைகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. "தாய் வேலைக்குச் செல்வதால் போதிய கண்காணிப்பு இல்லை. தீய நண்பர்களின் சேர்க்கை." பெயரை மாற்றினால் அடுத்த பையனுக்கும் பொருந்தும். ஒவ்வொரு அலுவலர் தலையிலும் ஏகப்பட்ட வழக்குகள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒற்றை வரி ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, பையனுக்கு எந்த வழியும் காட்டாமல் நின்றுவிடுகிறது. அவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் சோறு எங்கிருந்து வரும்?

கொருக்குப்பேட்டை_செல்வி

மேடம் எழுதிய அந்த வரி எங்கள் வீட்டுக்கும் வந்தது.

என் அக்கா மகன். அக்கா துப்புரவுப் பணியில் ஒப்பந்தக் கூலி, விடியற்காலை நாலரைக்கே கிளம்புவாள். மாமா குடித்துக் குடித்து ஈரல் போய் இறந்தார். அவன் அப்போது ஏழாவது படித்தான். அதை நான் மறைக்கவில்லை. அப்பா செத்த பிறகு அவன் ஒரு வருடம் யாரோடும் பேசவில்லை. அதை யாராவது கேட்டிருந்தால் எழுதியிருக்கலாம். அறிக்கைக்கென்று வந்தவர் வாசலிலேயே நின்று, தெருவே கேட்கும்படி மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரர் "அடுத்த மாசம் காலி பண்ணிடும்மா" என்றார். சரி, காலி செய்தோம். புது வீட்டு வாடகை ஆயிரம் அதிகம். அக்கா இன்னொரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போக ஆரம்பித்தாள். இப்போது கண்காணிப்பு இன்னும் குறைவு.

அவனைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு நாள் கூலி போகும். செங்கல்பட்டு இல்லத்தில் 2022 கடைசி நாளில் ஒரு பிள்ளை அடிபட்டு இறந்துபோன செய்தி டிவியில் வந்ததிலிருந்து, இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள்.

கல்மண்டபம் அண்ணா, உங்கள் வீட்டு அண்ணிக்கு நடந்தது எனக்கும் வலிக்கிறது. எங்கள் பையன் செய்தது தப்புதான் என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

பெரும்பாக்கம்_பிளாக்

நான் பிறந்தது கூவம் கரையில். வீட்டை இடித்துவிட்டு, தெற்கே புறநகரில் இருக்கும் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளி நடக்கும் நடுவில். என் தம்பிக்கு அங்கே யாரையும் தெரியாது. காலையில் பஸ் ஏறி பழைய ஏரியாவுக்கே வந்துவிடுவான், பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லிக்கொண்டு. இரவு கடைசி பஸ்ஸில் திரும்புவான். பகல் முழுதும் அவன் யாரோடு இருந்தான் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பழைய இடத்தில் என்றால் அவன் ஒரு சிகரெட் பிடித்தால் கூட எதிர்வீட்டு ஆயா நடுத்தெருவில் வைத்து அறைந்திருப்பாள். அந்த ஆயாவை வேறு பிளாக்கில், எட்டாவது மாடியில் போட்டுவிட்டார்கள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-ல் பெயர் மாற்றினார்கள். குடிசை போய் வாழ்விடம் வந்தது. அக்கம்பக்கத்தையும் கூடவே அனுப்பியிருக்கலாம்.

பெயர்வேண்டாம்_பாஸ்

படித்துக்கொண்டே வந்தேன். எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். நான் பதினாறு வயதில் உள்ளே இருந்தவன். எந்த இல்லம் என்று சொல்லவில்லை. இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், கல்யாணம் ஆகிவிட்டது.

எங்கள் அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். ஒருவனுக்கு அப்பா புழல் ஜெயிலில். ஒருவனுக்கு அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள், ஆயா வளர்த்தாள். ஒருவன் வடநாட்டுப் பையன், கம்பெனி வேலைக்கு வந்தவன், தமிழ் தெரியாது, அவனுக்கு யாருமே வரவில்லை. ராத்திரி அவன் பேசுவது யாருக்கும் புரியாது. ஒருவன் லவ் கேஸ், போக்சோ. அந்தப் பெண்ணுக்கும் பதினேழு, இவனுக்கும் பதினேழு. நல்ல வீட்டுப் பையன் ஒருவனும் வந்தான், அப்பா அரசு வேலை. வந்த வேகத்தில் போய்விட்டான். மேடம் சொன்னது அப்படியே சரி.

உள்ளே போனதும் யாரும் என்ன கேஸ் என்று கேட்கவில்லை. எந்த ஏரியா என்றுதான் கேட்டார்கள். அந்தப் பதிலை வைத்துதான் யாரோடு சாப்பிடுவது, யாரிடம் அடி வாங்குவது எல்லாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வெளியே வந்த நாளைப் பற்றி. எனக்கு வக்கீல் வைத்தது எங்கள் வீடு இல்லை. ஏரியாவில் ஒரு அண்ணன். அம்மாவிடம் பத்துப் பைசா வாங்கவில்லை. வெளியே வந்ததும் பைக் அனுப்பினார், பிரியாணி, புது சட்டை, போன். வீட்டுக்குப் போனால் அம்மா அழுகிறாள், மாமா அடிக்க வருகிறார், பக்கத்து வீட்டில் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அண்ணனிடம் மட்டும்தான் மரியாதை. அப்புறம் ஒரு நாள் ஒரு பையைக் கொடுத்து இதை வைத்திரு என்றார். எப்படி வேண்டாம் என்பது? "உனக்கு இன்னும் பதினெட்டு ஆகல, போர்டுல விட்டுருவாங்க" என்று அவரே சொன்னார். போர்டு என்றால் மேடம் சொன்ன குழுமம். ஜாமீன் எடுத்த கடனைப் பணமாகக் கேட்கவே மாட்டார்கள்.

நான் தப்பித்தது புத்தி வந்ததால் இல்லை. சித்தப்பா என்னைத் திருப்பூருக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு வருடம் பனியன் கம்பெனி. திரும்பி வரும்போது அந்த அண்ணனே இல்லை, வெட்டிவிட்டார்கள். என் கூட இருந்தவர்களில் ஊரில் சொந்தம் இல்லாதவர்கள் பலர் இப்போது புழலில் இருக்கிறார்கள். உங்கள் படிவத்தில் எழுதுவதென்றால் இதை எழுதுங்கள் மேடம்: இந்தப் பையனைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள வேறு ஊரில் ஒரு வீடு இருக்கிறதா?

கறுப்புக்கோட்டு

தம்பி, அடுத்த வழக்கிலிருந்து நான் கேட்கப்போகும் கேள்வி அது.

அந்த அண்ணன்களைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 83-ஆவது பிரிவின்படி, சட்டவிரோத வேலைக்குச் சிறாரைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழு வருடம் வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பதினாறு வயதுப் பையனைப் பிடித்து நிறுத்தும் வேகத்தில் பாதி வேகமாவது இந்தப் பிரிவைப் போடுவதில் இருந்தால் வடசென்னை வேறு மாதிரி இருக்கும். பையன் வாயைத் திறக்க மாட்டான், உண்மைதான். அவனைத் தனியாக உட்கார வைத்து, பயம் போகும்வரை பேச யாரும் இல்லாததால்தான் திறப்பதில்லை.

கல்மண்டபம்

பாஸ், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். "அந்தப் பைக் யாரோடது என்று போலீஸ் கேட்டதா?" என்றாள். கேட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. பதினாறு வயதில் அவ்வளவு விலையுள்ள பைக் அவன் கைக்கு எப்படி வந்தது?

என் கோபம் போய்விடவில்லை. எங்களிடம் இதுவரை யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை, சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு அறிக்கை எழுதுகிறார்கள், சரி. உடைந்த கைக்கு யார் எழுதுவார்கள்? அப்புறம் கத்தி எடுத்து வெட்டும் பதினேழு வயதுக்காரனுக்கும் இதே சட்டம்தானா?

கறுப்புக்கோட்டு

குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றங்களில், பதினாறு முடிந்தவர்களுக்கு முதல்நிலை மதிப்பீடு உண்டு, 15-ஆவது பிரிவு. அதைப் பார்த்துக் குழுமம் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கே பெரியவரைப் போல விசாரிக்க முடியும். மரண தண்டனையும், வெளிவரவே வழியில்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கூடாது.

உங்கள் மனைவி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம். மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் இலவசமாக வழி சொல்வார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எண். பாதிக்கப்பட்டவரும் கூப்பிடலாம், பிடிபட்ட பையனின் வீடும் கூப்பிடலாம்.

பழைய_வாத்தியார்

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். முகவரி. சில தெருப் பெயரைச் சொன்னால் வேலை கிடையாது, வாடகை வீடு கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு நடந்தால் ஜீப்பில் ஏறு என்பார்கள். அந்தத் தெருக்களில் யார் வாழ்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் தலித் மக்களும் மீனவர்களும். அண்ணன் மேல் வழக்கு இருந்தால் தம்பியையும் கூட்டிப்போவார்கள். காவல்நிலையத்தை ஒரு முறை பார்த்துவிட்ட பையனுக்கு அப்புறம் பயம் போய்விடும், அது வேறு சங்கதி.

அதே தெருக்களில்தான் காவல்துறையின் சிறுவர் சிறுமியர் மன்றமும் இருக்கிறது, கேரம் போர்டு, குத்துச்சண்டை, ஃபுட்பால் எல்லாம் இருக்கிறது. வியாசர்பாடி மைதானத்தில் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். பூட்ஸ் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம்! கோச் ஒருவர் தினமும் வந்தால் போதும், பதினாலு வயதுக்காரன் அவரை விட்டு நகர மாட்டான். இந்த வயதில் அவர்களுக்குத் தினமும் வருகிற ஒரு ஆள் வேண்டும். அந்த அண்ணனும் தினமும் வருகிறான் என்பதைத்தான் பாஸ் எழுதியிருக்கிறார்.

மாலைவகுப்பு

எங்கள் மாலை வகுப்பில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இனி எந்த வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போனாலும், குழுமத்துக்கு அந்தத் தாயோடு கூடப் போக ஒருவர் தயாராக இருப்பார். கட்டடம் காட்டுவதற்கும், வரிசையில் நிற்பதற்கும், இலவச வக்கீல் கேட்பதற்கும். ஏரியா அண்ணன் வருவதற்கு முன்னால் நாங்கள் அங்கே இருக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். பாஸ், முடிந்தால் நீங்களும்.

பெயர்வேண்டாம்_பாஸ்

ஞாயிறு வண்டி ஓட்ட மாட்டேன். மற்ற நாளில் மதியத்துக்கு மேல் வர முடியும். வீட்டில் இன்னும் முழுக்கத் தெரியாது, அதனால் என் பெயர் எங்கும் போட வேண்டாம்.

கொருக்குப்பேட்டை_செல்வி

எங்களுக்கு உடனே ஒரு உதவி வேண்டும். அவனுக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை என்று வயதுச் சான்று கேட்கிறார்கள். படித்த பள்ளியில் டி.சி. கேட்டால் "பாதியில் நின்ற பையன், அப்புறம் வா" என்கிறார்கள். பிறப்புச் சான்று வீடு மாறும்போது தொலைந்துவிட்டது.

கறுப்புக்கோட்டு

டி.சி. தேவையில்லை. பள்ளிப் பதிவேட்டின்படி பிறந்த தேதிச் சான்று போதும், 94-ஆவது பிரிவு அதைத்தான் முதலில் கேட்கிறது. அது கிடைக்காவிட்டால் மாநகராட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதற்குச் சம்மதித்து அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், அதில் ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகும். சென்னையில் பிறந்தவன் என்றால் மாநகராட்சி இணையதளத்திலேயே சான்றை இலவசமாகப் பதிவிறக்கலாம். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று அக்காவிடம் கேட்டுத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இன்று இரவே பார்க்கிறேன்.

பழைய_வாத்தியார்

செல்விம்மா, பள்ளிக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வருகிறேன். எந்த வருடம் ஆறாவது சேர்ந்தான் என்று மட்டும் அக்காவிடம் கேட்டு வையுங்கள், சேர்க்கைப் பதிவேட்டில் தேட அது போதும்.